பூதம் மறந்த வாளி

“ஒரு பூதத்தை எத்தனை துண்டாப் போடலாம்?”

வேலை கேட்டு வந்த அன்று இயக்குநர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லையென்றால் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். அவள் மேசைமேல் இருந்த பூதத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கொம்பு, காது, கை, கால் எல்லாம் இரண்டிரண்டு. புருவம், கண், மீசை, வாய், தொப்பை, வால்.

“பதினாலு சார்” என்றாள்.

“வாலை எதுக்குத் தனியா வெட்டணும்? உடம்போடயே ஒட்டிக்கிடக்கட்டுமே.”

“தனியா இல்லேன்னா, பயப்படறப்ப ஆட்ட முடியாது சார்.”

“பூதம் எதுக்கும்மா பயப்படணும்?”

பேச்சு அவ்வளவுதான் அவளுக்கு. ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் பேசிவிட்டால் அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஆனாலும் வேலை கிடைத்தது. ஒரு பெயரும் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘பதினாலு’தான்.

அலுவலகம் என்றால் ஒரு வங்கிக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஜன்னலைத் திறக்க முடியாத நாலு அறைகள். அங்கேதான் ‘ஏழு கதவு நாடு’ தயாரானது. தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு வரும் கார்ட்டூன் தொடர். கல்நெஞ்சு ராணி, கிழட்டு டிராகன், மேகத்தில் ஓடும் படகு, ஏழு கதவு, கதவுக்கு ஒரு காவல். முதல் அறையில் வரைகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் வரைந்து அனுப்பும் துண்டுகளைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அசைத்து, காட்சியாக்குகிறவர்கள் மூன்றாவது அறையில். அங்கே மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலி பதினாலுக்கு.

மூன்றாவது கதவின் காவலாளிதான் அந்தப் பூதம். ஒரு வாரத்துக்கு இரண்டே வசனம்: “யாரது?”, “போங்க.” மற்ற நேரம் பூராவும் வாசலைத் துடைத்துக்கொண்டிருக்கும். அந்த நாட்டில் ராணி பெருமூச்சு விடுவாள், மந்திரி சதி செய்வார், இளவரசன் கண்ணாடி பார்ப்பான். வேலை என்று ஒன்றைச் செய்கிற ஒரே ஆள் பூதம்தான். பதினாலு அதை ‘அது’ என்று நினைத்ததேயில்லை. ‘அவர்’ என்றுதான் நினைப்பாள். அவருடைய வாலை ஆட்ட மட்டும் ஒரு முழு மத்தியானம் எடுத்துக்கொள்வாள்.

இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்தது அவளுடைய அத்தான். தொடரின் வசனகர்த்தா அவர்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டோடு வந்து சேர்ந்த மச்சினியை, முதலில் தன் தங்கையின் துணிக்கடையில் சட்டை மடிக்கத்தான் அனுப்பினார். அத்தானின் தங்கை, மடித்த சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடிக்கச் சொல்லும் ரகம். ஒரே சட்டையை ஒரு நாளில் பதினோரு தடவை மடித்த அனுபவம் பதினாலுக்கு உண்டு. ஆகவே மூன்றாவது நாற்காலியை அவள் சிம்மாசனம் போல மதித்ததில் ஆச்சரியமில்லை.

அந்தச் சிம்மாசனம் ஆடத் தொடங்கியது சாப்பாட்டு மேசையில்.

“பூதத்தை முடிச்சிடலாம்னு இருக்கேன்” என்றார் அத்தான், தட்டைப் பார்த்தபடியே. யாரையாவது சாகடிக்க முடிவு செய்துவிட்டால் அவருக்குப் பசி நன்றாக எடுக்கும். “இருபத்திரெண்டாவது வாரம். எரிமலை. விழறான். அவ்வளவுதான்.”

“சாப்பிடும்போது என்ன பேச்சு இது?” என்றாள் அக்கா. “எந்தப் பூதம்?”

“வாசல் பூதம்டி. அதுக்குன்னு ஒரு கடிதாசிகூட வர்றதில்ல. இளவரசனோட முடிக்கு மட்டும் மாசம் முந்நூறு வருது.”

“பாவங்க அது. அதுபாட்டுக்கு வாசலைத் துடைச்சிட்டிருக்கு. நம்ம வீட்டுல யாரு துடைக்கறா?”

“உன் வீட்டைத் துடைக்கவா நான் எழுதறேன்?”

பதினாலுக்குப் புரையேறிவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அத்தான் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் சோதனை அண்ணன் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். முடிந்த காட்சிகளைத் தவறு இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிறவர் அவர். “பூதம் போனா பதினாலு துண்டு மிச்சம். அப்புறம் அடுக்க ரெண்டு பேர் போதும்னு சார் சொல்லிட்டிருந்தார். யாரைன்னு எனக்குத் தெரியாதும்மா” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது நாற்காலியைப் பார்த்தார். பார்த்ததைத் தானே உணர்ந்து, சட்டென்று மின்விசிறியைப் பார்த்தார்.

அந்த வாரம்தான் பத்தொன்பதாவது பகுதியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் நாலாவது காட்சி அவள் பங்கு. கிழட்டு டிராகனுக்குச் சளி. மூன்றாவது கதவோரம் படுத்துக்கொண்டு மூக்கை ஒழுகவிடுகிறது. பூதம் சிவப்பு வாளியும் கையுமாகப் பக்கத்திலேயே நின்று துடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே கொம்பு ஊதும் சத்தம். திரும்பிப் பார்த்தால் டிராகன் கண்ணை மூடிவிட்டது. பூதம் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறது. நாற்பது நொடிக் காட்சி. அதில் வாலுக்கு மட்டும் பதினாலு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். எரிமலைக்கு இன்னும் மூன்றே வாரம் இருக்கும் ஒருவருடைய வால் அல்லவா.

அடுக்குகிறவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அடுத்த காட்சிக்குப் புது ஃபைல் திறக்க யாருக்கும் பொறுமை கிடையாது. முந்தின காட்சியின் ஃபைலையே நகல் எடுத்து, வேண்டாத துண்டுகளை மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். ஒவ்வொரு துண்டின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். கண்ணைத் தட்டி மூடினால் துண்டு மறைந்துவிடும். பூதம் உள்ளே ஓடியதும் பதினாலு அவருடைய பதினாலு துண்டுக்கும் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடினாள். மூடும்போது மனசு வேறெங்கோ இருந்தது. பதினைந்தாவது கண்ணை மூடவில்லை.

அந்த ஃபைலைத்தான் மற்ற இருவரும் நகல் எடுத்தார்கள். வாளி ஏதோ பின்னணிப் படத்தில் சேர்ந்தது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சோதனை அண்ணனோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். ஆனால் அவருடைய திரையின் இடதுபக்கக் கீழ்மூலையில் பல் டாக்டரின் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டிவைத்திருந்தார். வாளி இருந்தது மிகச் சரியாக அந்தச் சீட்டுக்குப் பின்னால்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே பார்த்தது. அரசவையில், ராணியின் அரியணைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி. இளவரசனின் படுக்கையறையில் வாளி. டிராகனின் இறுதி ஊர்வலத்தில், மந்திரிமார்களுக்கு முன்னால், வாளி. கடைசியில் மேகப் படகில் ராணி தனியாகப் போகிறாள். படகு ஆடுகிறது, அவள் கூந்தல் ஆடுகிறது, வாளி மட்டும் ஆணி அடித்ததுபோல அசையாமல் நிற்கிறது.

“அந்த அம்மா எங்க போனாலும் வாளியைத் தூக்கிட்டே போறாங்களே, தண்ணிக் கஷ்டமா?” என்றாள் அக்கா.

அத்தானின் முகம் சிவந்து கறுத்தது. பதினாலு தன் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இயக்குநர் அடுக்குகிறவர்கள் மூவரையும் சோதனை அண்ணனையும் வரிசையாக நிறுத்தினார். குளிர்சாதன அறைக்குள்ளும் தொப்பி போடுகிறவர். கோபம் வந்தால் அதைக் கழற்றுவார். அன்று கழற்றியிருந்தார்.

“யாருடைய வாளி அது?”

வேடிக்கை என்னவென்றால், அங்கே நின்ற நாலு பேருமே தவறு தன்னுடையது என்று நம்பினார்கள். மற்ற இரண்டு அடுக்காளர்களும் தங்கள் காட்சியில் தாங்கள்தான் விட்டுவிட்டோம் என்று நடுங்கினார்கள். சோதனை அண்ணன் பல்லைக் கடித்து நின்றார்; அதில் ஒன்று வேறு வலித்தது. பதினாலு கையைப் பாதி தூக்கினாள். தூக்கிய கையால் காதைச் சொறிந்துகொண்டாள்.

“வியாழக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்” என்றார் இயக்குநர். “தெரிஞ்சுதுன்னா, அந்த ஆள் வெள்ளிக்கிழமை இங்க இருக்கமாட்டார்.”

மூன்று நாள் பதினாலு சாப்பிட்டது கணக்கில் சேராது. புதன்கிழமை ராத்திரி, வேலை போய்விட்டதாகவே முடிவு செய்து, அக்காவின் பழைய சட்டை ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்தாள். மடிப்பு கோணலாக வந்தது. அதுவும் மறந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை காலை வார இதழ் வந்தது. அதில் நாலு பத்தி. எழுதியவர் பெரிய விமர்சகர். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன படங்களை எடுத்தவர்களே பயந்துபோய் இன்னொரு முறை பார்ப்பார்கள், அப்படிப்பட்டவர். தலைப்பு: ‘வாளி: ஒரு வாசிப்பு’. இயக்குநர் தொப்பியைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டு, எழுந்து நின்று உரக்கப் படித்தார்.

“‘அழாத ராணியின் அழுகை எங்கே போகிறது என்று பதினெட்டு வாரமாக நாம் கேட்கவில்லை. பத்தொன்பதாவது வாரம் ஒரு வாளி வந்து பதில் சொல்கிறது.’ கேட்டீங்களா? ‘அரியணைக்கு அருகே அதை வைத்தது சாதாரணத் துணிச்சல் அல்ல. அதிகாரத்தின் அடியில் எப்போதும் ஏதோ ஒன்று ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.’” இந்த இடத்தில் இயக்குநரின் குரல் தழுதழுத்தது. “‘மேகப் படகில் எல்லாம் அசைகின்றன. வாளி அசையவில்லை. துக்கத்துக்குக் காற்று கிடையாது.’”

படித்து முடித்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

“ஆறு மாசமா என் மனசுல இருந்த விஷயம் இது” என்றார்.

சோதனை அண்ணன் முதலில் கைதட்டினார். உயிர் பிழைத்தவனின் கைதட்டு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பதினாலு கேட்டாள்.

அவளுக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த நிம்மதி மத்தியானம் வரைக்குமே நின்றது. தொலைக்காட்சி நிலையத்திலிருந்து சேனல் அம்மா ஃபோனில் பேசினார். தொடருக்குக் காசும் நேரமும் கொடுக்கிறவர் அவர். அவர் சொன்னால் சொன்னதுதான். வாளியைப் பற்றி ஊரெல்லாம் ஒரே பேச்சாம். இனி வாராவாரம் வாளி வேண்டுமாம். அத்தான் அங்கேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் வாளிக்கு இரண்டு கண் முளைத்தது. வெள்ளிக்கிழமை இறக்கை முளைத்தது. சனிக்கிழமை அது இளவரசனுக்குப் புத்தி சொல்ல ஆரம்பித்தது.

“பூதம்?” என்றாள் பதினாலு, அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில். அந்த வீட்டில் அவளாகத் தொடங்கிய பேச்சு என்று அதற்கு முன் ஒன்று இருந்ததாக அக்காவுக்கு நினைவில்லை.

“பூதத்துக்கு என்ன? எரிமலைதான். இப்ப இன்னும் வசதி. விழறப்ப வாளி மேலேருந்து எட்டிப் பாத்துட்டு ஒரு வசனம் சொல்லும்.”

“என்னன்னு?”

“‘போங்க’ன்னு.” அத்தான் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அக்கா அவர் தட்டிலிருந்து ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை விமர்சகரே நேரில் வந்தார். வாளி பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். ஒல்லியான மனிதர்; சட்டைப்பையில் தன் கட்டுரையையே நாலாக மடித்து வைத்திருந்தார். கூடச் சேனல் அம்மா, இயக்குநர், கையில் எரிமலைப் பக்கங்களோடு அத்தான், பின்னால் சோதனை அண்ணன். அத்தனை பேரும் மூன்றாவது அறைக்குள் நுழைந்தபோது, மற்ற இரண்டு அடுக்காளர்களும் தேநீர் குடிக்கிற சாக்கில் கம்பி நீட்டிவிட்டார்கள். சிக்கியது பதினாலுதான்.

“வாளிங்கறது வெறும் வாளி இல்ல சார்” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “அது ஒரு வெறுமை. ஆனா நிறைஞ்ச வெறுமை. பாத்தீங்கன்னா, கைப்பிடி இருக்கு. பிடிக்க ஆளில்ல.”

“அருமை” என்றார் விமர்சகர். எழுதிக்கொண்டார்.

“அடுத்த வாரத்துலேருந்து பறக்கும்” என்றார் சேனல் அம்மா.

விமர்சகரின் பேனா நின்றது. “பறக்குமா?”

“கண்ணும் உண்டு” என்றார் அத்தான் பெருமையாக. “பேசும்.”

வீட்டில் யாரோ விழுந்துவிட்டதாகச் சேதி வந்தவர்போல விமர்சகர் பேனாவை மூடினார். பிறகு இயக்குநரை விட்டுவிட்டு நாற்காலியில் இருந்தவள் பக்கம் திரும்பினார். “நீங்கதானே அடுக்கறவங்க? நீங்க சொல்லுங்கம்மா. அந்த வாளியை அங்க வைக்கணும்னு யாரு முடிவு பண்ணது?”

இயக்குநரின் கை தொப்பியை நோக்கிப் போனது. அத்தான் மச்சினியைப் பார்த்துக் கண்ணால் ‘சும்மா இரு’ என்றார். வருஷம் முழுக்கச் சும்மா இருந்தவளிடம் அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பதினாலு அத்தானின் கண்ணைப் பார்க்கவில்லை; அவர் கையிலிருந்த பக்கங்களைப் பார்த்தாள். மேலே பெரிய எழுத்தில் ‘எரிமலை’ என்று இருந்தது.

“யாரும் முடிவு பண்ணல சார்” என்றாள். “அவர் கீழ வச்சார். எடுக்க மறந்துட்டார்.”

“யாரு?”

“பூதம்.”

அறையில் ஈ பறந்தால் கேட்டிருக்கும். ஜன்னல் திறக்காத அறை, ஈயும் இல்லை.

“டிராகனுக்கு உடம்பு சரியில்லாதப்ப பக்கத்துல இருந்தது அவர் ஒருத்தர்தான் சார். மூக்கு ஒழுகினதைத் துடைச்சது அவர்தான். கொம்பு ஊதினதும் கையில இருந்ததை அப்படியே வச்சிட்டு ஓடினார். அப்புறம் அரண்மனையில எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. அவர் அழுதாரான்னு யாரும் போய்ப் பாக்கல. அவர் வாயில ரெண்டு வசனத்துக்கு மேல வராது, அதுக்காக மனசுல ஒண்ணும் இல்லேன்னு அர்த்தமா?” மூச்சு வாங்கியது அவளுக்கு. ஒரு மாத ஒதுக்கீடு ஒரே நிமிஷத்தில் செலவாகிக்கொண்டிருந்தது. “அவருக்குப் பயம்னா வால்ல தெரியும். துக்கம்னா வால் ஆடாது. ஓடறப்ப ஆடவேயில்ல, பாத்தீங்களா?”

“பாக்கலையே” என்றார் விமர்சகர் மெதுவாக. “நான் ராணியைத்தான் பாத்துட்டிருந்தேன். அப்ப அந்த வாளி… ராணியோட கண்ணீர் இல்லையா?”

“ராணிக்கு எதுக்கு சார் வாளி? அவங்க ஒரு வேலையும் செய்யறதில்லையே.”

சோதனை அண்ணன் களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்.

சேனல் அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “இரும்மா, இரு. அப்ப அவர் வாளியைத் தேடிட்டு வரணுமே?”

“வரணும்மா. தரை பாதிதான் துடைச்சிருக்கு.”

“அது ராணிகிட்ட இருக்கே. கேட்க முடியாதே அவரால.”

“முடியாது. ‘யாரது’, ‘போங்க’. ரெண்டுதான் தெரியும் அவருக்கு. அதை வச்சுக்கிட்டு எப்படிக் கேட்பார்?”

“ஐயோ பாவம்” என்றார் சேனல் அம்மா. நிஜமாகவே சொன்னார். கைக்குட்டையைத் தேடினார். பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். “எத்தனை வாரத்துக்கு வரும் இது?”

“மேடம், இருபத்திரெண்டுல பூதம் எரிமலைல விழறாரே…”

“எதுக்கு விழணும்?”

“ஒரு… திருப்பம்…”

“நீங்க விழுங்க எரிமலைல. அவர் வாளி கிடைக்காம எங்கேயும் போகக்கூடாது. ஊர்ல இருக்கற பிள்ளைங்க எல்லாம் எனக்குத்தான் ஃபோன் பண்ணி அழும்.”

“இறக்கை மேடம்? வாளிக்குப் போட்ட இறக்கை?”

“வாளிக்கு எதுக்குய்யா இறக்கை?”

இயக்குநர் தொப்பியை நேராக்கிக்கொண்டார். “இதைத்தான் நான் முதல்லேருந்தே இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். பூதம்தான் கதையோட உயிர்நாடி. அதுக்கு மூணு அடுக்காள் பத்தாது, நாலு வேணும்னுகூட நினைச்சேன்.”

“மூணு இருக்கட்டும்” என்றார் சேனல் அம்மா.

பதினாலு நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அத்தான் கையிலிருந்த பக்கங்களைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினார். வீட்டில் அன்றைக்கு அவருக்குப் பசி எடுக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அக்காவுக்கு மிச்சம்.

எல்லோரும் பேசிக்கொண்டே வெளியே நகர்ந்தார்கள். விமர்சகர் மட்டும் நகரவில்லை.

“அந்தப் படகுக் காட்சியை ஒரு தடவை காட்டறீங்களாம்மா? வாளி அசையாம நிக்குமே. அதை எப்படிச் செஞ்சீங்கன்னு பாக்கணும்.”

மாட்டேன் என்று சொல்ல அவளிடம் வாக்கியம் மிச்சமில்லை. ஃபைலைத் திறந்தாள். படகு, மேகம், ராணி, ராணியின் கூந்தல், வாளி. விமர்சகர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தார். அவர் வாளியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வரிசையாக இருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார்.

“இந்தச் சின்னக் கண்ணெல்லாம் என்னது?”

“திறந்திருந்தா படத்துல தெரியும் சார். மூடினா தெரியாது.”

அவர் விரலால் ஒவ்வொரு பெயராகத் தடவிக்கொண்டு இறங்கினார். இடது கொம்பு, மூடியிருந்தது. வலது கொம்பு, மூடியிருந்தது. காது, மீசை, தொப்பை, வால். எல்லாம் மூடியிருந்தன. அதற்குக் கீழே, நாலாவது காட்சியை அடுக்கியபோது பதினாலு தன் கையாலேயே தட்டெழுதிய பெயர். மேகத்துக்கும் ராணிக்கும் நடுவில் அது கண்ணை அகலத் திறந்துகொண்டு இருந்தது.

‘வாளி – 4ஆம் காட்சிக்கு மட்டும்.’

விமர்சகரின் விரல் அங்கே நின்றது. ‘மட்டும்’ என்ற சொல்லின்மேல் கொஞ்ச நேரம் இருந்தது. இந்த மனிதர் நடைவழிக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பூதம் எரிமலைக்கு, அவள் சட்டைக்கு.

அவர் நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்து கட்டுரையை எடுத்துப் பிரித்து, நாலாவது பத்தியில் ஒரு வரியைத் தேடிப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அவளைப் பார்த்தார். கோபமா, சிரிப்பா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்துக்கு வால் கிடையாது.

கட்டுரையை முன்னைவிடச் சின்னதாக, எட்டாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். சேனல் அம்மா இழுத்துப்போட்ட நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிப் போட்டார். நடைவழியில் இயக்குநரும் சேனல் அம்மாவும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தாச்சா சார்?” என்றார் இயக்குநர். “எப்படி? எழுதலாமில்ல?”

விமர்சகர் அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, மூன்று மாடிப் படியையும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்.